இணைக் கணிப்பொறியில் பணி விசாரணை

அணுசக்தி நகரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991 முதல் 'அனுபம்' இணைக் கணிப்பொறிகளை உருவாக்கி வந்துள்ளது. இத்தகைய பொறியில் ஒரு பெருங்கணக்கு பல செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது; அவை இடைக்கால விடைகளைச் செய்திகளாகப் பரிமாறிக்கொள்கின்றன. எனவே, "பணி நடக்கிறதா?" என ஒரு செயலியை மட்டும் வினவுதல் போதாது. அது கணிக்கிறதா, மற்றொன்றின் செய்திக்காகக் காத்திருக்கிறதா என்பதும் தெரிதல் வேண்டும். ஒன்று நின்றுவிடின், பழுதற்ற ஏனையவையும் காத்துக் கிடக்கும். அவசரப்பட்டு அவற்றை நிறுத்துவோர், இடைநிலை மதிப்புகள் சேமிக்கப்படாதிருப்பின், பல மணி நேரக் கணிப்பை இழப்பர். பதில் வராமையும் பழுதுக்குச் சான்றன்று. செய்தி வழியில் நெரிசல் இருக்கலாம். எதற்காகக் காத்திருக்கிறது என்ற விடையை ஒவ்வொன்றாகப் பின்தொடர்வதே தக்க முறை. விடைகள் சுழன்று தொடங்கிய செயலிக்கே திரும்பினால், பெரும்பாலும் குறை பொறியில் அன்று, நிரலில்.