தங்கச்சி, காசு எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல பாரு

"அக்கா, இங்கிலாந்துல ரெண்டு வாரம் சம்மர் ஸ்கூல், செலக்ட் ஆயிட்டேன்"னு யாராவது மெசேஜ் போட்டா, வாழ்த்து சொல்றதுக்கு முன்னாடியே நான் கேக்கறது ஒண்ணுதான்: ஃபீஸ் யார் கட்டறது?

ஏன்னா இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நாம காசு கட்டிப் போய் ரெண்டு மூணு வாரம் பாடம் கேட்டு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வர்றது. பேர்பெற்ற பல்கலைக்கழகங்களே நடத்துது, ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா டிக்கெட், தங்கற இடம், ஃபீஸ் எல்லாம் சேர்ந்தா லட்சக்கணக்குல போயிடும். "செலக்‌ஷன்"ங்கறதும் பல இடத்துல சீட் புக்கிங்தான். இன்னொரு வகை, அவங்களே செலவு பண்ணி நம்மளக் கூப்பிடறது. ஒரு ப்ரொஃபசரோட லேப்ல ரெண்டு மூணு மாசம் வேலை செய்யணும், ஸ்டைபெண்ட் கிடைக்கும். கரும்புப் பணம் எப்ப வரும்னு அப்பா காத்துக்கிட்டிருக்கிற வீட்ல, முதல் வகைக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். இது என் கட்சி. கன்சல்டன்சிக்காரங்க வேற சொல்வாங்க, அவங்களுக்கு கமிஷன் வருது.

ரெண்டாவது வகையில தேட வேண்டிய பேருங்க: கனடாவோட மிட்டாக்ஸ் குளோபலிங்க் (12 வாரம்), ஜெர்மனியோட டி.ஏ.ஏ.டி. வைஸ், ஸ்விஸ்ல ஈ.டி.எச். சூரிக்கும் ஈ.பி.எஃப்.எல்.லும், ஜப்பான்ல ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம், சவுதியில கிங் அப்துல்லா பல்கலைக்கழகம். இதுல பெரும்பாலும் அறிவியலும் இன்ஜினியரிங்கும்தான். சில திட்டத்துல எந்தெந்தக் காலேஜ் விண்ணப்பிக்கலாம்னு வரையறையும் உண்டு, அதை முதல்ல பாத்துடு. பி.ஏ. படிக்கிறவளுக்கு வழி கம்மி, மறைச்சு என்ன ஆகப்போகுது? டி.ஏ.ஏ.டி.யே ஜெர்மன் மொழி கோடை வகுப்புக்கு உதவித்தொகை தந்திருக்கு, இப்பவும் உண்டான்னு பாத்துக்கோ, ஆனா ஓரளவு ஜெர்மன் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

நம்ம அரசு வழியும் ஒண்ணு இருக்கு. 2022 மார்ச்ல தொடங்கின நான் முதல்வன் திட்டத்துல, 2024 ஜூன்ல 25 மாணவர்கள இங்கிலாந்துல இருக்கற டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. உங்க காலேஜ்ல நான் முதல்வன் பொறுப்பு எந்த சார்கிட்ட, எந்த மேடம்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ. சர்க்குலர் நோட்டீஸ் போர்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்க மேஜைக்குத்தான் வரும்.

அடுத்தது காலண்டர். அடுத்த வருஷக் கோடைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் இந்த வருஷம் ஆகஸ்ட்லேருந்து டிசம்பருக்குள்ள முடிஞ்சிடும். ஆயுத பூஜைக்கு முன்னாடியே எழுத உக்காரணும். இன்னொரு சிக்கல், நம்ம லீவு மே மாசம், அவங்க கோடை ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நம்ம காலேஜ் திறந்த பிறகுதான் அங்க களை கட்டும். அட்டெண்டன்ஸ் போயிடும்னு பாதியில திரும்பி வர முடியாது. விண்ணப்பிக்கும்போதே எச்.ஓ.டி.கிட்ட பேசி, கிடைச்சதும் என்.ஓ.சி.யை எழுத்துல வாங்கிடு. "போயிட்டு வாம்மா, பாத்துக்கலாம்"ங்கறது என்.ஓ.சி. இல்ல.

ப்ரொஃபசருக்கு மெயில் எழுதறப்ப, ஐம்பது பேருக்கு ஒரே மெயில அனுப்பற வேலை வேண்டாம். பத்து வரி போதும், அதுல ஒரு வரி அவர் என்ன ஆராய்ச்சி பண்றார்னு நீ படிச்சிருக்கறதக் காட்டணும். இன்னொரு வரி நீ செஞ்சதச் சொல்லணும். செஞ்சது பெருசா இருக்கணும்னு இல்ல. நம்ம ரிஷிவந்தியம் பக்கம் மரவள்ளியில இலை சுருங்கி மஞ்சள் திட்டு விழுமே, வெள்ளை ஈ பரப்பற தேமல் நோய், அதுக்கு வெளிநாட்டு லேப்கள்லயும் ஆராய்ச்சி நடக்குது. பாட்டனி படிக்கிறவ சித்தப்பா கொல்லையில வரிசை வரிசையா எண்ணி, எத்தனை செடிக்கு நோய், எந்த ரகத்துக்கு அதிகம்னு ஒரு மினி ப்ராஜெக்ட் பண்ணினா, அதுவே சொல்லத்தக்க வேலை. அங்கே லேப்ல இருக்கறவங்க பல பேர் அந்தக் கொல்லையப் பாத்திருக்கவே மாட்டாங்க.

பாஸ்போர்ட்ட செலக்ட் ஆனப்புறம் எடுக்கலாம்னு இருக்காதே. சாதாரண ஃபீஸ் 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அரசோட புதுமைப் பெண் திட்டப் பணம் மாசம் 1,000 வருதுல்ல, ரெண்டு மாசம் தொடாம இருந்தா முடிஞ்சது. தட்கல்ல போனா மேல 2,000. கஷ்டம் காசுல இல்ல, பேர்லதான். பாஸ்போர்ட்ல இனிஷியல் போட முடியாது, விரிச்சு எழுதணும். அப்பா பேர சர்நேம் கட்டத்துல போடு. காலியா விட்டா பின்னாடி விசா ஃபாரம், டிக்கெட் ரெண்டுலயும் இழுபறி. அப்பா பேர் ஆதார்ல ஒரு மாதிரி, பத்தாவது மார்க்‌ஷீட்ல ஒரு மாதிரி ஸ்பெல்லிங் இருந்தா முதல்ல ஆதாரச் சரி பண்ணு. நம்ம ஊர் பேரயே ஆளுக்கொரு விதமா எழுதறாங்க, ரிஷிவந்தியம்னு இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா மூணு விதம் வரும். ஆதார்ல இருக்கறத அப்படியே எல்லா இடத்துலயும் எழுது. ஹாஸ்டல்ல இருக்கறவ வீட்டு விலாசம் கொடுத்தா, செமஸ்டர் லீவுல விண்ணப்பி. ஸ்டேஷன்லேருந்து விசாரிக்க வரும்போது நீ வீட்ல இருக்கணும்.

அடுத்தது விசா. ஜெர்மனி, ஸ்விஸ் போக எடுக்கற ஷெங்கன் விசா 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும்தான். ஃபீஸ் 90 யூரோ, அதோட குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேப்பாங்க. சில திட்டத்துல காப்பீட்ட அவங்களே பாத்துக்குவாங்க, ஆஃபர் லெட்டர நிதானமாப் படி. கைரேகை வைக்க சென்னைக்கு நேர்ல போகணும். காலை அப்பாயிண்ட்மென்ட்டா இருந்தா, தியாகதுருகம், உளுந்தூர்பேட்டைன்னு பஸ் மாறி விடியக்காலைல போய்ச் சேர்ந்துடலாம்னு கணக்குப் போடாத, முந்தின நாளே போயிடு. அந்த வாரம் கல்யாணம் காதுகுத்துன்னு விரல் நுனியில மருதாணி வெச்சுக்காதே, கொல்லையில அறுத்து விரல்ல வெட்டுக்காயமும் வேண்டாம். ரேகை விழலன்னா மறுபடி வரச் சொல்லிடுவாங்க.

சாமான் கட்டறதெல்லாம் அம்மா பாத்துக்குவாங்க. ஊறுகாய நல்லா அடைச்சு செக்-இன் பெட்டியில வை. ஜெர்மனியில ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கிடு. கோடையில அவங்க நமக்கு மூணரை மணி நேரம் பின்னாடி, ஜப்பான் மூணரை மணி நேரம் முன்னாடி. அம்மா எப்ப கூப்பிடலாம்னு ஒரு தாள்ல எழுதி டிவி பக்கத்துல ஒட்டிட்டுப் போ.

கிடைக்கலன்னா? இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தற கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் இருக்கு, எட்டு வாரம். ஐ.ஐ.டி. மெட்ராஸும் ரெண்டு மாசம் சம்மர் ஃபெல்லோஷிப் தருது. ரெண்டுக்கும் ஸ்டைபெண்ட் உண்டு, விசா கிடையாது. அங்க நல்லா வேலை செஞ்சா, வழிகாட்டின ப்ரொஃபசர்கிட்டயே ரெகமெண்டேஷன் கேக்கலாம், மறு வருஷ விண்ணப்பத்துக்கு அது ரொம்ப உதவும்.