தேடித் தரும் வில்லை

சாவிக்கொத்தை எங்கோ வைத்துவிட்டு வீடு முழுவதும் தேடாதவர் அரிது. அத்தேடலை எளிதாக்கவே 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஏர்டேக் என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வில்லை அது. எடை 11 கிராம்.

அதனுள் செயற்கைக்கோளை நாடும் புவியிடங்காட்டி இல்லை. புளூடூத் அலைவழியே அது ஓயாமல் ஒரு குறிப்பை வெளியிடுகிறது. அருகே செல்லும் யாரோ ஒருவரின் ஐபோன் அக்குறிப்பை ஏற்று, அவ்விடத்தைக் குறியாக்கம் செய்து இணையம்வழி அனுப்புகிறது. வில்லையின் உரிமையாளர் மட்டுமே அதனைப் படிக்க இயலும். வழிப்போக்கருக்கோ தாம் உதவியதே தெரியாது. முன்பின் அறியாதவர்களின் இத்துணையே கருவியின் வலிமை. அத்துணை கள்வருக்கும் கிடைக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் யார்க் வட்டாரக் காவல்துறை 2021 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. பொது இடங்களில் நிற்கும் விலையுயர்ந்த மகிழுந்துகளின் எரிபொருள் மூடி போன்ற மறைவிடங்களில் திருடர்கள் இவ்வில்லையை ஒளித்துவைத்தனர். பின்னர் வண்டி நிற்கும் வீட்டை அறிந்து, அங்கிருந்து அதனைக் கவர்வது அவர்கள் திட்டம். செப்டம்பர் முதல் இத்தகைய ஐந்து நிகழ்வுகளை அத்துறை விசாரித்திருந்தது.

மகிழுந்தில் ஒளிப்பதைக் குழந்தையின் பள்ளிப்பையிலும் ஒளிக்கலாம். பிரிந்த கணவர் அவ்வாறு செய்ததாகக் கூறிய பெண்ணொருவரும் வேறொரு பெண்ணும் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர்.

உரிமையாளரைப் பிரிந்த வில்லை மூன்று நாள் கழித்து ஒலியெழுப்பும் என்பதே தொடக்க ஏற்பாடு. 2021 ஜூனில் அக்காலம் 8 முதல் 24 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. இன்னும் குறைத்தால் என்ன? சிக்கல் இங்குதான் உள்ளது. பையைத் திருடியவனையும், பைக்குள் வில்லை மறைக்கப்பட்ட பெண்ணையும் அக்கருவியால் பிரித்தறிய இயலாது. இருவரும் உரிமையாளர் அல்லர், அவ்வளவே அது அறியும். விரைந்து ஒலித்தால் திருடன் அதனை வீசியெறிவான். தாமதித்தால் அப்பெண் வீடு சேர்வதற்குள் அவள் முகவரி பிறர் கைக்குப் போய்விடும். ஒலிபெருக்கியைப் பெயர்த்துவிட்டாலோ ஒலியே எழாது.

2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் பொதுநெறி ஒன்றை நடைமுறைப்படுத்தின. அறியாத வில்லை ஒன்று உடன்வருமாயின், ஐபோனும் ஆண்ட்ராய்டு திறன்பேசியும் திரையில் எச்சரிக்கும். கண்டெடுத்த வில்லையைத் திறன்பேசியின் அருகே பிடித்தால் அதன் வரிசை எண் தோன்றும்; அதனைக் கொண்டு காவல்துறை உரிமையாளரின் விவரத்தை நிறுவனத்திடம் சட்டப்படி கேட்டுப் பெறலாம். ஆதலால் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்ட பின்னரே மின்கலத்தைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் இருப்பிடம் தெரிவது நின்றுவிடும். வைத்தவனுக்கும் அது புலப்படும்.