பன்னீர்த் திராட்சை மதுவும் அதனைப் பரிமாறும் முறையும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை நம் கடலூர்ப் பக்கத்தார் நன்கறிவர். கெடில நதிக்கரையில் தோட்டக்கால் நிலமுடைய மிராசுதார்களுக்கு, அதனைத் தாமும் பயிரிட்டு மது ஆலைக்கு விற்கலாகாதா என்னும் எண்ணம் எழுவது இயல்பே. இதற்கு விடை காணுமுன், அத்திராட்சையின் மது எத்தன்மையது, எவ்வாறு பரிமாறினால் அதன் குணம் விளங்கும் என்பனவற்றை அறிதல் நலம். வாங்குவோனுடைய மூக்கும் நாவும் நாடுவது எதுவோ, அதனையன்றோ பயிரிடுவோன் கொடியில் உண்டாக்கவேண்டும்.

தேனி மாவட்டத்தில், 1895-ஆம் ஆண்டு முடிவுற்ற பெரியாறு அணையின் நீர் பாயும் பள்ளத்தாக்கே இத்திராட்சையின் இருப்பிடம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பது வழக்கு. 2023-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேனாட்டார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். கொடிகளைப் பந்தலில் படரவிட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு காலத்தில் கவாத்துச் செய்வதால், அங்கே ஆண்டு முழுவதும் எங்கேனும் அறுவடை நடக்கும்.

இவ்வகையின் சிறப்பு மணமே. ரோஜாவின் வாசனைக்குக் காரணமான ஜெரானியால் என்னும் சத்து இதிலும் உண்டு. ஆகவே பன்னீர் என்ற பெயர் பொருத்தமானதே. சீனரும் ரோஜா மணம் எனப் பொருள்படும் பெயரையே இதற்கு இட்டிருக்கின்றனர். கறுப்புத் திராட்சையாயினும், நிறம் தோலிலேயே தங்கியிருப்பதால், தோலை உடனே நீக்கினால் வெண்மதுவும் செய்யலாம். தோலோடு ஊறவிட்டால் செம்மது கிடைக்கும். ஆயினும் பல்லாண்டு பாதுகாத்து முதிர்விக்கத்தக்க கனத்த செம்மதுவை இதனிடம் எதிர்பார்ப்பது வீண். மணம் நாளடைவில் குன்றும். ஆதலால் இளமதுவாகவே, ஓரிரண்டு ஆண்டுக்குள் அருந்துவதே முறை.

மதுவின் உரம் பழத்தின் சர்க்கரையைப் பொறுத்தது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால், நூற்றுக்கு ஒரு பங்கு ஆல்கஹால் உண்டாகும். லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரையுள்ள சாறு முழுதும் நொதித்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவு வரும். திராட்சை பறித்தபின் பழுப்பதில்லை. நிறம் ஏறிய மாத்திரத்தில் விலையை நாடிப் பறித்த குலையிலிருந்து, எத்தகைய கைத்திறத்தாலும் நல்ல மது வாராது. விதை பழுப்பு நிறமடைந்திருத்தல் முதிர்ச்சிக்கு ஓர் அடையாளம்.

இனிப் பரிமாறும் முறை. செம்மதுவை அறையின் உஷ்ணத்தில் அருந்தவேண்டும் என்பது குளிர்நாட்டார் விதி. அவர்கள் அறை 16 முதல் 18 டிகிரி சென்டிகிரேட் இருக்கும். சித்திரை மாதத்து நம் வீட்டுக் கூடமோ 35 டிகிரியைத் தொடும்! அந்த வெப்பத்தில் ஆல்கஹாலின் நெடி மேலோங்கி, ரோஜா மணத்தை மறைத்துவிடும். இனிப்பான பன்னீர் மதுவை 8 முதல் 10 டிகிரியிலும், இனிப்பற்ற இளஞ்செம்மதுவை 13 டிகிரி அளவிலும் பரிமாறுக. பனிக்கட்டியும் நீரும் கலந்த வாளியில் புட்டியை அரைமணி நேரம் வைத்தால் வெண்மதுவும் இனிப்பு மதுவும் பதத்துக்கு வரும்; செம்மதுவுக்குக் கால்மணி போதும். பனிக்கட்டியை மதுவிலேயே இடுவது அதனை நீர்த்துப்போகச் செய்யும்.

வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் குவளையில் மூன்றிலொரு பங்கே ஊற்றவேண்டும். எஞ்சிய இடம் மணம் தங்குவதற்கு. எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, மணமும் நில்லாது. 750 மில்லி லிட்டர் புட்டி ஆறு பேருக்குப் போதுமானது. அடியில் மணல்போல் மின்னும் படிகத்தைக் கண்டு கண்ணாடித்தூள் என அஞ்சவேண்டா. அது திராட்சையின் புளிப்புச் சத்து உறைந்ததே. மிளகாய்க் காரம் மிக்க குழம்போடு அருந்தினால் எரிவே மிகும். நம் பண்ருட்டி முந்திரியை இளவறுப்பாக வறுத்து உப்பிட்டு வைத்தால், இனிப்பு மதுவுக்கு அதனினும் ஏற்றதை யான் அறியேன். திறந்த புட்டியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமமின்றி வீட்டில் திராட்சை மது வடித்தல் குற்றம். புதுச்சேரி அண்மையில் இருப்பதால், எல்லை கடந்து அனுமதியின்றிக் கொண்டுவருவதும் அவ்வாறே. விருந்துக்கென்று செய்தோம் என்பது விடையாகாது.

பயிரிடும் வினாவுக்கு வருவோம். நம் மாவட்டத்துப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. அப்போது குலை பழுக்குமாயின் பழம் வெடிக்கும். அடிச்சாம்பல் நோயும் பற்றும். மார்கழி, தை மாதங்களில் கவாத்துச் செய்து, சித்திரை, வைகாசியில் அறுக்கும் ஒரு போகமே இங்கே ஓரளவு நம்பத்தக்கது. நீர் தேங்கும் களிமண் உதவாது. உண்ணும் பழத்துக்குரிய விலையை மது ஆலை தரும் என்று எண்ணிப் பந்தலுக்குக் கடன் வாங்குதல் தகாது. ஐந்து சென்டு நிலத்தில் மட்டும் வைத்து, இரண்டு மழைக்காலம் கண்டபின் விரிவாக்குக. விலைபோகாத பழம் மீந்தால், 60 முதல் 65 டிகிரியில் சூடாக்கிப் பிழிந்து, ஓரிரவு குளிரில் தெளியவிட்டு, சுத்தமான புட்டிகளில் அடைத்து, 80 முதல் 85 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து மூடுக. இது நொதியாத சாறு, உரிமம் வேண்டாதது. பரிமாறும்போது இதனையும் நன்கு குளிர்வித்தே கொடுக்கவேண்டும்.