அஞ்சற்பெட்டிக்கு ஒரு திருமஞ்சனம்

சித்தூரில் எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வசித்து வருகிறார். பல்லாண்டுகள் கணிதம் கற்பித்தவர். ஒரு தாளைக்கூட இடம் மாற்றி வைக்காதவர். மின்சாரக் கட்டண ரசீதுகளை ஆண்டுவாரியாக நூல் கட்டி வைத்திருப்பவர். அப்படிப்பட்டவருக்கு நேர்ந்த ஓர் அனுபவமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

அவருடைய துணைவியாரின் கழுத்தில் ஒரு சிறு கட்டி தென்பட்டது. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். "முடிவு மின்னஞ்சலில் வந்துவிடும், நீங்கள் அலைய வேண்டாம்" என்றும் கூறினார்கள். வீடு திரும்பிய இருவரும் காத்திருந்தனர். ஒன்பது நாட்கள் கடந்தன. அந்த அம்மையார் ஒன்பது இரவுகளும் உறங்கவில்லை. கேட்பதற்கு அஞ்சி அவரும் கேட்கவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் இவரும் சொல்லவில்லை. பத்தாம் நாள் பேருந்து ஏறி, ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் கடந்து நேரில் சென்று விசாரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முடிவு இரண்டாம் நாளே அனுப்பப்பட்டிருந்தது. 'அஞ்ச வேண்டியதில்லை, ஆயினும் ஒரு மறுபரிசோதனைக்கு விரைவில் வரவும்' என்பதே அதன் சாரம். பதில் வராததால் இருமுறை தொலைபேசியிலும் அழைத்திருக்கிறார்கள். அறியாத எண்ணாக இருந்ததால், ஏதோ விளம்பரம் என்று கருதி இவர் எடுக்கவில்லை.

மாலையில் என்னிடம் வந்து, "ஐயா, அந்தப் பெட்டியைத் திறப்பதையே நான் விட்டுவிட்டேன். திறந்தால் தள்ளுபடி, கடன், வீட்டுமனை. வேறு என்ன இருக்கிறது?" என்றார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். படிக்கப்படாத அஞ்சல்கள் பதினோராயிரத்துக்கும் மேல். மருத்துவமனையின் மடல் 'புரொமோஷன்ஸ்' என்னும் விளம்பரப் பிரிவில், ஒரு புடவைக் கடைக்கும் ஒரு விமானச் சேவைக்கும் நடுவே கிடந்தது. ஜிமெயில் 2013-இல் கொண்டுவந்த பிரிவு அது. சின்னமும் வண்ணப்படமும் கொண்டு, மொத்தமாக அனுப்பும் சேவைவழி வரும் கடிதத்தை, அது நோயாளிக்குரிய கடிதமேயானாலும், கருவி சில வேளைகளில் விளம்பரமென்று எண்ணிவிடுகிறது.

ஆகவே வேண்டாத அஞ்சலால் இடம் நிரம்புகிறது என்பது பெரிய இழப்பன்று. உண்மையில் விளம்பர மடல்கள் அளவில் சிறியவை. பல்லாயிரம் சேர்ந்தாலும் கூகுள் இலவசமாக அளிக்கும் 15 ஜிபி இடத்தில் ஒரு சிறு பங்கையே அவை பிடிக்கும். இடத்தை அடைப்பவை பெரும்பாலும் நிழற்படங்களும் காணொளிகளும்தான். நமக்கு வரவேண்டிய சொல் வந்தும் வராததுபோல் ஆகிவிடுவதே பெரிய இழப்பு.

குப்பை சேரும் வழி

1978-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில், கேரி துர்க் என்ற விற்பனை அலுவலர் தம் நிறுவனத்தின் புதிய கணினியைப் பற்றிச் சுமார் நானூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். கேட்காமலே வந்த முதல் விளம்பர அஞ்சலாக அதையே குறிப்பிடுகிறார்கள். அவரைக் கண்டித்தார்கள்; எனினும் கணினிகள் விற்றன. அன்று தொடங்கிய கதைதான் இது. அனுப்புவோருக்குச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் ஆதாயம். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது பேரின் நேரம் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

நம் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? பெரும்பாலும் நாமே கொடுத்ததுதான். துணிக்கடையில் பணம் செலுத்தும்போது, "எண் சொல்லுங்கள், மெயில் ஐடி சொல்லுங்கள்" என்கிறார்கள், பின்னால் வரிசை நிற்கிறது, நாமும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசி எண்ணைக் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தலாகாது என மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் 2023 மே மாதத்தில் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே 'கொடுக்க விருப்பமில்லை' என்று பணிவுடன் சொல்வதில் தவறேதுமில்லை. இணையத்தில் பயணச்சீட்டு எடுக்கும்போது, விடுதி அறை பதிவு செய்யும்போது, 'எங்கள் சலுகைகளை அறிய விரும்புகிறேன்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே ஒரு குறி இடப்பட்டிருக்கும். அதை அகற்றாமல் அடுத்த பக்கம் போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும். தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் எங்கள் சித்தூர் போன்ற ஊர்களில் இருப்போர்க்கு இன்னொரு பாக்கியமும் உண்டு: ஒரே விளம்பரம் மூன்று மொழிகளில் வரும்.

சட்டம் காக்காதா என்று தலைமையாசிரியர் கேட்டார். தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் 1909 என்ற எண் வழியே தடை பதிவு செய்யலாம். மின்னஞ்சல் அதில் அடங்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொல்லை தரும் நோக்குடனோ அனுப்பியவர் யார் என்பதை மறைத்தோ விடுக்கும் மின்னஞ்சலைப் பற்றிய ஓர் உட்பிரிவு இருந்தது. கருத்துரிமைக்கு மாறானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு முழுவதையும் நீக்கியது. பிறகு வந்தது 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்கிறது அது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் பற்றிய கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை மட்டுமன்று, அதற்குப் பிறகும் துடைப்பம் நம் கையில்தான்.

முதலில் காப்பு, பிறகு துடைப்பு

திருமலைக் கோயிலில் ஆண்டுக்கு நான்கு முறை 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' நடைபெறுவதை அன்பர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். யுகாதி, ஆணிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்குக்கும் முன்பாக, வழக்கமாக ஒரு செவ்வாய்க்கிழமையில், ஆனந்த நிலையம் தொடங்கிச் சுவர்கள், மேற்கூரை, பாத்திரங்கள் என அனைத்தையும் தூய்மை செய்கிறார்கள். நாமக்கோப்பு, ஸ்ரீசூர்ணம், கஸ்தூரி மஞ்சள், பச்சைக் கற்பூரம், கிச்சிலிக் கிழங்கு முதலியவை கலந்த நறுமணக் கலவையைத் தெளிக்கிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த வரிசையைத்தான். முதலில் மூலவரைத் துணியால் மூடிக் காப்பிடுகிறார்கள். அதன் பிறகே தண்ணீரும் துடைப்பமும் உள்ளே வருகின்றன.

நாங்களும் அவ்வாறே தொடங்கினோம். எதை அழிப்பது என்று யோசிக்கும் முன், எது அழியக்கூடாது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மருத்துவமனை, ஓய்வூதியம் வழங்கும் வங்கி, காப்பீடு, வருமான வரித் துறை, வெளிநாட்டிலுள்ள மகன், பழைய மாணவர்கள் சிலர். பன்னிரண்டு பெயர்களுக்குமேல் அவரால் எழுத இயலவில்லை! பதினோராயிரம் மடல்களுக்கு நடுவே அவருக்கு உரியவர்கள் பன்னிருவர். அவர்கள் ஒவ்வொருவரின் முகவரிக்கும் அமைப்புகளில் 'ஃபில்டர்' என்னும் வடிகட்டி ஒன்றை உண்டாக்கி, 'ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே', 'நட்சத்திரக் குறி இடு', 'முதன்மைப் பிரிவில் வை' என்று குறித்தோம். மருத்துவமனையின் மடலை விளம்பரப் பிரிவிலிருந்து முதன்மைப் பிரிவுக்கு மாற்றினோம். அடுத்த முறையும் அவ்வாறே செய்யவா என்று கருவி கேட்கும், ஆம் என்று சொல்லவேண்டும்.

அதன் பிறகுதான் துடைப்பு. ஒவ்வொன்றாக அழிக்க முற்படுவது வீண் உழைப்பு. குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பு. குழாய் எது? அனுப்புவோர். தேடு பெட்டியில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் இட்டால், சந்தா அஞ்சல்கள் பெரும்பாலும் திரண்டு வந்து நிற்கும். 2025 ஜூலையில் ஜிமெயில் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்றொரு பக்கத்தையும் அறிமுகப்படுத்தியது. யார் யார் எத்தனை மடல் அனுப்புகிறார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும், பக்கத்திலேயே விலகும் பொத்தானும் இருக்கும். பெருமளவில் மடல் அனுப்பும் விளம்பரதாரர்கள் ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி தரவேண்டும், இரண்டு நாட்களுக்குள் அதை நிறைவேற்றவும் வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 முதல் நிபந்தனை விதித்துள்ளன. 'எங்களைப் பிரிய மனம் வந்ததா?' என்று சிலர் உருக்கமாகக் கேட்பார்கள். விலகுவோரை வெட்கப்படச் செய்யும் இத்தகைய உத்தியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட பதின்மூன்று ஏமாற்று வடிவங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உருக்கத்துக்கு இரங்காமல் பொத்தானை அழுத்துக.

இங்கே விவேகம் மிகவும் தேவை. நாம் பொருள் வாங்கிய கடை, நாம் பதிவு செய்த நிறுவனம் ஆகியவற்றிலிருந்து விலகும் பொத்தானைத் தாராளமாக அழுத்தலாம். முன்பின் அறியாத இடத்திலிருந்து வந்த மடலில் அந்தப் பொத்தானையும் தொடலாகாது. 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று நாமே அறிவித்தது போலாகும். அல்லது அந்த இணைப்பே வலையாக இருக்கும். அவற்றை 'ஸ்பேம்' என்று குறித்துவிட்டு நகர்வதே முறை. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றைப் பதித்து, நாம் திறந்தோமா என்று அறியும் வழக்கமும் உண்டு. 'வெளிப்படங்களைக் காட்டும் முன் கேள்' என்று அமைப்பை மாற்றினால் அதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

மறுபுறம், நாமே கேட்டுப் பெற்ற கடிதம் சலித்துவிட்டது என்பதற்காக அதை 'ஸ்பேம்' என்று குறிப்பது சரியன்று. புகார்கள் கூடினால் அதே அனுப்புநரின் கடிதங்கள் அவற்றை விரும்பும் மற்றவர்களுக்கும் போய்ச் சேராமல் தடைப்படலாம். சிறிய செயல்தான், ஆனால் பொய்ப் புகார் பொய்ப் புகாரே. எங்கள் ஊருக்கு அருகே காணிப்பாக்கம் விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். விரல் நுனியில் செய்யும்போது அந்த அச்சம் எங்கோ போய்விடுகிறது.

திருப்பதி யாத்திரை செல்லும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். தரிசனச் சீட்டு, அறை, பிரசாதம் என்ற பெயரில் வரும் மடல்களில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கிய 40-க்கும் மேற்பட்ட போலி இணையதளங்கள் 2023-க்குள் கண்டறியப்பட்டுக் காவல்துறையில் வழக்குகள் பதிவாயின. தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வ இணைய முகவரி 2024 ஜனவரி முதல் 'ஏபி.கவ்.இன்' என்ற அரசு முடிவுடன் 'டிடிதேவஸ்தானம்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. முகவரியை நாமே ஒவ்வோர் எழுத்தாக இட்டுச் செல்வதே நல்லது. ஏற்கெனவே பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

மொத்தமாக அழிக்கும் கட்டம் வந்தபோது தலைமையாசிரியரின் கை தயங்கியது. நியாயமான தயக்கம்தான். காப்பீட்டுத் தவணை ரசீதின் அடியிலும் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருக்கக்கூடும். வங்கி ஒன்றே கணக்கு அறிக்கையும் அனுப்பும், கடன் விளம்பரமும் அனுப்பும். ஆதலால் ஒவ்வோர் அனுப்புநராகத் தேடி, மேலேயுள்ள கட்டத்தை அழுத்தி, 'இத்தேடலில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடு' என்ற வரியையும் அழுத்தி, ஒரு பார்வை பார்த்த பின்னரே நீக்கினோம். நீக்கியவை குப்பைப் பெட்டியில் 30 நாட்கள் இருக்கும். தவறிச் சென்றதை அதற்குள் மீட்கலாம். மூன்று மாலைகளில் பணி முடிந்தது. கடைகளுக்கும் பயணப் பதிவுகளுக்கும் கொடுப்பதற்கென்று வேறொரு முகவரியும் உண்டாக்கிக்கொண்டார். அந்தப் பெட்டி நிரம்பட்டும், கவலையில்லை.

மறுபரிசோதனையில் அம்மையாருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அந்த மடலைத் தலைமையாசிரியர் வந்த நாளிலேயே படித்தார்.

இப்போது அவர் திருமலை நாட்காட்டியைப் பார்த்து, திருமஞ்சனம் நடக்கும் அந்த நான்கு செவ்வாய்க்கிழமைகளிலும் பெட்டியைத் தூய்மை செய்கிறார். சென்ற முறை நானும் உடனிருந்தேன். எல்லாம் விலக்கிய பின்னும் ஒரே ஒரு புடவைக் கடையின் விளம்பரம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"சார், இதை விட்டுவிட்டீர்களே?" என்று கேட்டேன்.

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது வீட்டில் கேட்டு வாங்கிய சந்தா, ஐயா" என்றார்.