வண்ணமும் வாழ்வும்

துணிக்கு வண்ணமும் வடிவமும் அமைக்கும் கலையைத் தம் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவ மாணவியர் இன்று பலர் உளர். விருப்பம் நன்றே. ஆயினும், துணி அழகாயிருப்பதுடன் அதை ஆக்கியோரும், சாயம் கலந்த நீரும் நலமாயிருக்க வேண்டுமன்றோ? இதனை மூன்று ஊர்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, பழவேற்காடு. நம் அத்திப்பட்டிலிருந்து வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வழியாகச் சென்றால் இவ்வூரை அடையலாம். சோழமண்டலக் கரைத் துணிகளை நாடி வந்த டச்சுக்காரர் 1613-இல் இங்குக் கோட்டை அமைத்தனர். சாயவேர் செந்நிறத்தையும், அவுரி நீலத்தையும் தந்தன. படிகாரம் சாயவேரின் சிவப்பைத் துணியில் நிலைபெறச் செய்தது. வண்ணக் கைக்குட்டைக்கு இவ்வூரின் பெயரே ஆங்கில அகராதியில் ஏறிற்று. பின்னர் 1869-இல் செயற்கைச் செஞ்சாயம் கண்டறியப்பட்டது. 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. வேர் அகழ்ந்தவர், அவுரி பயிரிட்டவர், சாயம் தோய்த்தவர் ஆகியோரின் பிழைப்பு நலிந்தது. பெயர் நிலைத்தது, கைத்திறன் நிலைக்கவில்லை.

இரண்டாவது, திருப்பூர். சாயக்கழிவு நொய்யலாற்றை மாசுபடுத்தியது, ஒரத்துப்பாளையம் அணை நீரும் கெட்டது, உழவர் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நீரில் வாழும் சிற்றுயிரையும், நீரை நம்பிய உழவரையும் மறந்த தொழில், இறுதியில் தன் தொழிலாளரையும் வேலையின்றி நிறுத்தியது.

மூன்றாவது, தருமபுரி மாவட்டச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ஆகியோர் அங்கு மருத்துவப் பணி தொடங்கினர். உடல்நலத்திற்கு வருவாயும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். லம்பாடிப் பெண்களின் பூத்தையல் மறைந்துகொண்டிருந்தது. முதியோர் வெகுசிலரே அதனை அறிந்திருந்தனர். அவர்களையே ஆசிரியராக்கி, இளம்பெண்கள் மீண்டும் கற்றனர். 'போர்கை' என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமை' என்று பொருள். வெளியூர் வடிவமைப்பாளர்கள் வந்து துணை நின்றனர். ஊசி மட்டும் அப்பெண்களின் கையிலேயே இருந்தது.

இம்மூன்றிலிருந்து நாம் பெறும் கருத்து ஒன்றே: ஆக்குவோருக்கு உரிமையும் பங்கும் இருக்குமிடத்தில்தான் கலை நீடிக்கும்.

ஆகவே இத்துறையில் நுழைவோர் சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்திலோ, சென்னைத் தரமணியிலுள்ள தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியிலோ பட்டம் பெறலாம். அதனோடு ஒரு தறிக்கூடத்தில் சில திங்கள் அமர்ந்து கற்பதும் இன்றியமையாதது. வரைபடம் தீட்டுமுன் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக:

1. இவ்வடிவம் யாருடைய மரபு? அவர் இசைந்தாரா?
2. இதற்கு அவர் பெறும் கூலி ஒரு குடும்பத்திற்குப் போதுமா?
3. சாயநீர் எங்கே சென்று சேரும்?

விடை கூற இயலாத வடிவத்தை ஒதுக்கி வைத்து, வேறொன்று வரைவதே இத்தொழிலின் முதற்பாடம்.