துகள்தடம் தேட ஆசைப்படும் பிள்ளைக்கு எந்தப் பாடநெறி?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, "சேர், மகன் செர்ன் பக்கம் போகணுமாம். ஆறு மாச ஏஐ டிப்ளோமா போதும்தானே?" என்று கேட்கும் வாப்பாமார் கல்முனையில் கூடிவிட்டார்கள். போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

துகள் பௌதிக ஆய்வுகூடமான செர்னின் பெரிய மோதுவியில் புரோத்தன் கற்றைகள் செக்கனுக்கு 4 கோடி தடவை குறுக்கிடுகின்றன. அதில் தெறிக்கும் ஏற்றமுள்ள துகள்கள் உணரியின் அடுக்குகளில் புள்ளிகளை விட்டுப் போகின்றன. எந்தப் புள்ளி எந்தத் துகளுடையது என்று பிரித்துக் கோர்ப்பதுதான் தடமீட்பு. கல்மன் வடிகட்டி என்ற கணித முறை 1980களின் பிற்பாதியிலிருந்து இதைச் செய்துவருகிறது. மோதுவியைத் தரமுயர்த்திய பின், ஒரே குறுக்கீட்டில் 200 மோதல்கள் வரை நிகழும். அந்த நெரிசலைச் சமாளிக்கத்தான் இயந்திரக் கற்றலைத் தேடுகிறார்கள்.

இந்தத் துறைக்குப் போகப் பொறியியலும் கணினி விஞ்ஞானமும் எல்லாரும் அறிந்த வழிகள். வெட்டுப்புள்ளி கிடைத்தால் போகலாம், குறையில்லை. பௌதிக விஞ்ஞானப் பட்டத்துக்குக் கொழும்பு, பேராதனை இருக்கின்றன. வீட்டுக்குக் கிட்ட வேண்டுமென்றால் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

அந்த டிப்ளோமாவுக்கு வருவோம். அங்கே ஆயத்த நூலகத்தை அழைத்து நாலு வரி நிரல் எழுதப் பழக்குவார்கள். அது ஏன் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: 2018இல் செர்ன் விஞ்ஞானிகள் 'ட்ராக்எம்எல்' என்ற திறந்த போட்டியை நடத்தினார்கள். ஒரு நிகழ்வில் ஏறத்தாழ 1,00,000 புள்ளிகள். அவற்றை 10,000 அளவான தடங்களாகப் பிரிக்க வேண்டும். துல்லியச் சுற்றில் முதலிடம் பிடித்த யோஹான் விண்ட் புள்ளிகளைச் சோடியாக்கி, மூன்றாக்கி, சுருளி வளையியில் நீட்டிக்கொண்டு போனார். கற்றல் என்று அதில் இருந்தது எளிய லொஜிஸ்டிக் பின்னடைவுதான். வேகச் சுற்றில் வென்ற செர்கே கோர்புனொவும் ஆழ் நரம்பு வலையை நம்பவில்லை. வரைபு நரம்பு வலைகள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எந்த இரண்டு புள்ளிகளை இணைத்துப் பார்க்கலாம் என்று வலைக்குச் சொல்ல, காந்தப்புலத்தில் துகள் எப்படி வளையும், ஆரை கூடினால் உந்தம் என்னவாகும் என்று தெரிந்திருக்க வேண்டும். இது உயர்தரப் பௌதிகவியல். அதைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்துவிட்டு மறந்த பிள்ளைக்கு டிப்ளோமா எதைக் கொடுக்கும்? சான்றிதழைக் கொடுக்கும். அதற்குக் காப்பை அடகு வைத்த உம்மாமாரையும் கண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்தது என்பதற்காகச் சேராதீர்கள். இணைந்த கணிதத்தில் ஒரு கணக்கோடு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டியும் சலிக்காத பிள்ளையா என்று பாருங்கள். இந்தத் துறையில் ஒரு பிழையைத் தேடியே மாதங்கள் போகும், கைதட்ட ஆள் இருக்காது.

ட்ராக்எம்எல் தரவு இணையத்தில் இலவசம். காசு கட்டுமுன் ஒரு நிகழ்வின் புள்ளிகளை இறக்கி, பிள்ளையையே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழிந்தும் அதை விடாமல் நோண்டிக்கொண்டிருந்தால் பௌதிக விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முடிவுத் திகதியை மட்டும் தவறவிட வேண்டாம்.