கண்டிச் சீமைக்குப் போனவர்களைத் தேடும் பேத்திக்கு

ஆனைக்குட்டம்

அன்புள்ள பேத்திக்கு,

  

என் பெரியப்பா, அதாவது உன் கொள்ளுத் தாத்தாவுக்கு மூத்தவர், கல்யாணமான சில வருஷங்களுக்குள் இலங்கையின் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட விருத்தாந்தத்தை உன் அப்பா சொல்லக் கேட்டு, அவருடைய சந்ததியார் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தே தீருவது என நீ முனைந்திருப்பதை அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவருடைய பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தேடியதாகவும், அதே பெயருடையவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றதால் சோர்ந்துபோனதாகவும் எழுதியிருக்கிறாயே, அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரர்கள் தங்கள் வம்சத்தைத் தேடுவதற்கு வகுத்துக்கொண்ட வழியில் நீ போகிறாய். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. அது பல தலைமுறைக்கும் மாறாமல் கூடவே வரும். நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் துணை; அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். போதாக்குறைக்கு, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தினால், ஒரே வம்சத்தில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே பெயருடன் உலாவுவார்கள். ஆகையால் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொள் என்பதே நான் உனக்குச் சொல்லவந்த முக்கியமான விஷயம்.

ஏன் ஊரை என்று கேட்பாய். அந்நாளில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் வெள்ளைக்காரத் துரை அல்லர், கங்காணியே. துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இக்கரைக்கு வந்து, மழை பொய்த்துக் கரிசல் வெடித்துக் கிடக்கும் காலமாகப் பார்த்து, தாம் பிறந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தம்முடைய மாமன் மச்சான் வீடுகளிலும் பேசி, கடனை அடைக்க ரொக்கம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக அழைத்துக்கொண்டு போவது அவருடைய தொழில். எனவே ஒரே கங்காணியின்கீழ்ப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வட்டாரத்து மனிதர்கள். லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் அடுத்தடுத்த காம்பிராக்களில் குடியிருந்து, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, இங்கே விட்டுவந்த தெய்வத்துக்கு அங்கே ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டு வாழ்ந்தவர்கள். அங்கே ஒருவருக்கொருவர் அடையாளம், இன்னார் மகன் என்பதைவிட இன்ன ஊர்க்காரர், இன்ன கங்காணி ஆள் என்பதுதான். 1939-ஆம் வருஷம் இந்திய சர்க்கார் தோட்டக் கூலிகள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்யும்வரையில் இந்தச் சங்கிலி அறாமல் நடந்தது. ஆகவே திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர்ப் பக்கங்களில் கண்டிக்குப் போய்த் திரும்பியவர்களின் வீடுகளை விசாரித்துப் போகும்போது, என் பெரியப்பாவின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்காதே. உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போன கங்காணி எந்த ஊர்க்காரர், அவர் ஆள் சேர்த்த தோட்டம் எது என்று கேள். கங்காணி அகப்பட்டால் தோட்டம் அகப்படும். தோட்டம் அகப்பட்டால் நம்மவர் வெகுதூரத்தில் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேல்விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. என் பெரியப்பா பிறந்த காலத்தில் சிவகாசியும் விருதுபட்டியும் சாத்தூர்த் தாலுகாவைச் சேர்ந்தவை, ஜில்லாவோ திருநெல்வேலி. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகி, இந்தப் பிரதேசம் அதனுடன் சேர்ந்தது. 1923-இல் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. 1985-இல் காமராஜர் மாவட்டம் என்று தனியே பிரித்து, பிற்பாடு அதையே விருதுநகர் மாவட்டம் என்றார்கள். தம் பாட்டனுக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் ஜில்லா என்று கேட்டு வைத்திருக்கும் அக்கரைக்காரர் ஒருவர் இன்றைய ராமநாதபுரத்தில் போய் விசாரித்தால் என்ன கிடைக்கும்? இப்படி வந்து கடற்கரை ஊர்களில் அலைந்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புகிறவர்கள் உண்டு. நம்மைத் தேடி அவர்களும் எங்கேனும் அலைந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை மறவாமல், நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இந்தப் பழைய ஜில்லா, தாலுகாப் பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே எழுது.

எழும்பூரில் 1909 முதல் இருந்துவரும் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டுமென்று துடிக்கிறாய். போகலாம், அவசரம் இல்லை. அதற்கு முன்னால் ஒருமுறை இங்கே வந்து நம் வீட்டுப் பரணில் ஏறி, அங்கே கிடக்கும் பழைய விசேஷப் பத்திரிகைகளைப் பார். நாலாபுறமும் சிவகாசி அச்சாபீஸ்களை வைத்துக்கொண்டு வாழ்வதில் ஒரு லாபம், இந்தப் பக்கத்தில் பெண் சடங்கானாலும் பிள்ளைக்குக் காது குத்தினாலும் பெரியவர் சிவலோகப் பதவி அடைந்தாலும் பத்திரிகை அடிக்காமல் காரியம் நடப்பதில்லை. அந்தப் பத்திரிகைகளின் அடியில் பொடி எழுத்தில் மாமன்மார், பங்காளிகள், மருமக்கள் என்று ஊர்ப்பெயருடன் அடுக்கியிருப்பார்களே, அதைவிடச் சிறந்த வம்சாவளி எந்த ஆபீஸிலும் கிடையாது. மனஸ்தாபம் காரணமாக ஒருவரை விட்டிருந்தால், அந்த விடுபாடும் ஒரு செய்தியே.

பத்திரிகைகளைவிட மேலானது மொய் நோட்டு. பத்திரத்திலும் பட்டாவிலும் ஆண்களின் பெயரே நிற்கும். பெண்வழி உறவு முழுவதும் மொய் நோட்டில்தான் உயிரோடு இருக்கிறது. செய்த மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டுமாகையால், ஊரும் பேரும் தொகையும் பிசகாமல் எழுதி வைத்திருப்பார்கள். பெரியப்பாவின் மனைவியான என் பெரியம்மாவின் பிறந்தகம் எது என்பதை அதிலிருந்து முதலில் நிச்சயம் செய்துகொள். இருக்கன்குடிப் பக்கம் என்று என் தாயார் சொல்வதுண்டு. ஊரின் பெயர் எனக்கு நினைவில்லை. இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கடல் கடந்து போன ஆண்மகன், பங்காளிகளோடு கசப்பு உண்டானதாலும், அனுப்புவதற்குக் கையில் பணம் இல்லாத வெட்கத்தினாலும், அண்ணன் தம்பிக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவார். அவரோடு போனவள் தன் தாய்வீட்டுக்கு எழுதாமல் இருக்க மாட்டாள். எழுதத் தெரியாவிட்டாலும் கணக்கப்பிள்ளையைக் கொண்டோ ஊருக்குத் திரும்புகிறவர் வாய்மொழியாகவோ சேதி சொல்லி அனுப்பியிருப்பாள். நமக்குச் சேதி நின்றுபோன பின்னும் பல வருஷங்கள் அந்த வீட்டுக்குச் சேதி வந்திருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற மணலில், அந்த வட்டாரத்துச் சனங்கள் அத்தனை பேரும் கூடுவார்கள். காகிதத்தில் ஒரு வருஷம் தேடுவதை அங்கே ஒரு பகலில் விசாரித்துவிடலாம்.

இனி அக்கரை விஷயம். பெரியப்பாவிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தின் உறை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் தோட்டத்தின் பெயர் தமிழில் எழுதியிருக்கிறது. அங்கே தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர் ஒன்று, சனங்கள் அழைத்த பெயர் வேறொன்று. சர்க்கார் கணக்கில் முன்னது மட்டுமே இருக்குமாதலால், இரண்டையும் அறிந்த அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை முதலில் தேட வேண்டும். 1975-இல் பெரிய தோட்டங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, 1992-இல் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பெனிகளிடம் விட்டார்கள். இந்தக் கைமாற்றங்களில் செக்ரோல் என்னும் பழைய ஆள் பதிவுப் புஸ்தகங்கள் தோட்டத்து ஆபீஸில் தங்கியிருக்கும் என்று அதிகமாக நம்பாதே. நம்பத்தக்கது பிறப்புச் சான்றிதழ். இலங்கைப் பிறப்புப் பதிவில் தகப்பனார் பிறந்த இடத்துக்கு ஓர் இடம் விட்டிருப்பதோடு, பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயரும் பிறந்த வருஷமும் இடமுங்கூடக் குறிக்கும் வழக்கம் உண்டு. அவருடைய பிள்ளைகளில் ஒருவரின் சான்றிதழ் அகப்பட்டாலும் நம் ஊர்ப் பெயர் அதில் ஏதோ ஓர் எழுத்துக்கூட்டலில் உட்கார்ந்திருக்கலாம்.

அதற்குமேல் 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் என்னும் அநியாயம் ஒன்று நடந்ததே, அதுவும் உன் தேடலுக்கு ஒருவகையில் உபகாரமாகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தினால் நாடற்றவர்களான லட்சக்கணக்கான மக்கள், நாங்கள் இன்ன தேசத்தார் என்று நிரூபிப்பதற்காக இரண்டு சர்க்கார்களுக்கும் மனுமேல் மனு எழுதினார்கள். 1964-ஆம் வருஷம் அக்டோபரில் ஸ்ரீ லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் உடன்படிக்கை செய்து, ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இப்படிப் பங்கிடுமுன் அந்த மனுஷர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்க, தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுக்க, ஒரே லயத்தில் பிறந்தவர்கள் இரண்டு தேசத்துப் பிரஜைகளானார்கள். ஆகையால் என் பெரியப்பாவின் சந்ததியும் ஒரே இடத்தில் இருக்கும் என்று எண்ணாதே.

இக்கரைக்கு வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அந்தப் போக்குவரத்து 1984-இல் நின்றது. அப்படி வந்தவர்கள் கையில் குடும்ப அட்டை ஒன்று இருந்தது. வீட்டார் அத்தனை பேரின் பெயரும் வயதும் அதில் உண்டு. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் சர்க்கார் தேயிலைத் தோட்டங்களிலும், நூற்பாலைகளிலும், கேரளத்துப் புனலூர், கன்னட தேசத்துச் சுள்ளியா முதலிய இடங்களில் ரப்பர்த் தோட்டங்களிலும் அவர்களைக் குடியமர்த்தினார்கள். இலங்கையிலேயே தங்கியவர்களிலும் 1977, 1983 கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் ஏராளம். நீ கொழும்புக்கு டிக்கெட் எடுக்குமுன் கூடலூருக்கு ஒருதரம் போய்வர வேண்டும் என்பது என் யோசனை. அந்தக் குடும்ப அட்டையை இன்றும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் அங்கே உண்டு. அக்கரையிலிருக்கும் உறவுகளோடு தொடர்பு அறாமல் வைத்திருப்பவர்களும் அவர்களே.

தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் போனவர்களின் வாரிசுகள் ஆவண விஷயத்தில் நம்மைவிடப் பாக்கியசாலிகள். 1860 முதல் 1911 வரையில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் நம்பர் கொடுத்து, தகப்பனார் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்தார்கள். மொரீஷியஸில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் கூலிகளின் போட்டோ படங்கள்கூட உண்டு. ஒப்பந்தக் கூலியை அடிமைக்கு அடுத்தபடியாக வைத்திருந்ததனால் வந்த கணக்கு அது. கண்டிக்குப் போனவர் பெயருக்குச் சுதந்திரமானவர். மண்டபம் முகாமில் சில நாள் வைத்திருந்து, அம்மை குத்தி, தனுஷ்கோடிக் கப்பலில் ஏற்றி விட்டார்கள், அவ்வளவே. எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பினால் சொந்தக்காரர் யார் என்று கண்டு சொல்வார்களாமே, அதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதற்குப் பணம் கட்டக்கூடியவர்கள் லயத்தில் குடியிருப்பார்களா என்பதை மட்டும் யோசித்துப் பார்.

பெரியப்பாவின் சந்ததியார் அகப்பட்டால் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் போன் செய்யாதே, கடிதம் எழுது. திடீரென்று யாரோ ஒரு பெண் அழைத்து உறவு சொன்னால், ஏமாற்றுக்காரர் மலிந்த இந்தக் காலத்தில் அஞ்சத்தான் செய்வார்கள். பெரியப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம். பிள்ளைகள் வேறு மதத்தைத் தழுவியிருக்கலாம். சிங்கள வீட்டில் சம்பந்தம் செய்திருக்கலாம். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சந்ததியாரே உன்னைப் பார்க்க விருப்பம் இல்லை என்று சொன்னால், ஏன் என்று வாதாடாமல் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடு. தாயகம் திரும்பியவர்கள் பூர்வீக ஊரைத் தேடிக்கொண்டு போனபோது, நிலத்தில் பங்கு கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தினால், உறவே இல்லை என்று திண்ணையோடு திருப்பி அனுப்பிய வீடுகள் இந்த ஜில்லாவில் அநேகம். அந்த வடு அவர்கள் மனத்திலும் இருந்தால் அது நியாயமே.

நம் கரிசல் காட்டின் கூட்டுப் பட்டாவில் என் பெரியப்பாவின் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்து அதை நீக்கிவிட்டால் விற்பதற்குத் தோது என்று உன் பெரியப்பா மகன் பல தடவை வந்து கையெழுத்துக் கேட்டான், நான் போடவில்லை. உன் அப்பாவும் போடக்கூடாது. பட்டாவின் நகலையும் அந்தக் கடித உறையையும் உன் அத்தையிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வழியில் யாரேனும் இருந்தால் முதல் கடிதத்தோடு பட்டா நகலையும் சேர்த்து அனுப்பிவிடு. பாகம் வேண்டும் என்றால் சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸுக்கு நானே வருகிறேன். வேண்டாம் என்றால் அதை அவர்களே எழுதட்டும்.

இப்படிக்கு,
உன் சின்னத் தாத்தா